நிலம் யார் கையில்?

கேள்வி: சிங்கப்பூரில் பத்தில் எட்டுப் பேர் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் குடியிருக்கிறார்களாமே! அங்கே செங்கல் அவ்வளவு மலிவா?

பதில்: மலிவாகக் கிடைத்தது நிலம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் தெருவுக்கு வந்தனர். ஓராண்டுக்குள் அவர்களுக்கு மாற்று வீடுகள் கிடைத்தன. 1966இல் வந்த நிலமெடுப்புச் சட்டம், சந்தை விலைக்கும் குறைந்த இழப்பீட்டில் நிலத்தை அரசிடம் சேர்த்தது. நில உடைமையாளர்களுக்கு அது பெரும் இழப்பு; அந்த இழப்பைச் சொல்லாமல் இந்த வெற்றியைப் பேசுவது நியாயமாகாது. வாங்குவதற்குப் பணம்? 1968 முதல் தொழிலாளரின் மத்திய சேமநிதியையே வீட்டுத் தவணைக்குப் பயன்படுத்த வழி திறந்தது. கையிலிருக்கும் சம்பளத்தைப் பெரிதாகத் தொடாமலே கடன் அடைந்தது. ஏழைக்கு வீடு தர விரும்பும் எந்த அரசும் முதலில் கவனிக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

கேள்வி: அப்படியானால் வீடு தலைமுறை தலைமுறைக்கும் சொந்தமா?

பதில்: மூன்று தலைமுறைக்குத் தாராளமாகப் போதும். குத்தகைக் காலம் 99 ஆண்டு. அது முடிந்ததும் வீடு கழகத்திடமே திரும்பிவிடும்.