கிளாஸ் இல்லாமல் கரையேறலாமா?

கேள்வி: புரோகிராமர் என்றால் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் தெரிந்தே ஆக வேண்டுமா?

பதில்: எல்லோருக்கும் கட்டாயமில்லை. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல், கிளாஸ் என்ற வசதியே இல்லாத சி மொழியில்தான் வளர்ந்தது.

ஆனால் உள்ளே எட்டிப் பார்த்தால் வேடிக்கை! ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும், படிக்கவும் எழுதவும் தான் வைத்திருக்கும் ஃபங்ஷன்களின் முகவரிகளை ஒரு ஸ்ட்ரக்சரில் நிரப்பிக் கொடுக்கிறது. ஊர் பேர் கேட்காமல் கெர்னல் அவற்றை அழைக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை இல்லை. உள்ளே குடியிருப்பது, ஒரே அழைப்புக்கு ஆளுக்கொரு விதமாக வேலை செய்யும் சாட்சாத் பாலிமார்ஃபிசம். 1960-களில் நார்வேயில் டால், நிகார்ட் என்ற இருவர் சிமுலா மொழியில் விதைத்த ஆப்ஜெக்ட் ஓரியன்டட் சிந்தனையின் உறவுக்காரர்தான் அவர்.

எஸ்க்யூஎல் எழுதியே டேட்டாவை அலசுபவர், ஒரு கிளாஸ் இன்னொன்றின் வாரிசாகும் இன்ஹெரிட்டன்ஸ் தெரியாமலே தாராளமாகப் பிழைக்கலாம். ஜாவாவில் ஆண்ட்ராய்டு ஆப் எழுத வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அங்கே முதல் திரையே ஆக்டிவிட்டி என்ற கிளாஸின் வாரிசு!