கப்பல் ஏறுமுன் பேர்கன்

நோர்வேயின் கரையோரக் கப்பல் பேர்கன் நகரத்திலிருந்து இரவு எட்டரைக்குப் புறப்படுகிறது. காலையிலேயே வந்து சேர்ந்துவிடும் பயணிக்கு ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். சென்ற கோடையில் மனைவியோடும் மகளோடும் அந்தப் பகலை ஆறுதலாகச் செலவழித்தேன். பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, கைவீசிக்கொண்டு ஊர் சுற்றினோம்.

1988இல் இதே நகரத்தில் இதே கப்பலுக்காகக் காத்திருந்த பகல் வேறு மாதிரியானது. வட கோடியில், வார்டோ என்ற ஊரில், மீன் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள், உடனே வெளிக்கிட்டு வா என்று ஊர் அண்ணர் ஒருவர் எழுதியிருந்தார். ஒஸ்லோவிலிருந்து இரவு ரயில் பிடித்து வந்து இறங்கினேன். மார்ச் மாதம், விடாத மழை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழும் ஊர் அது. தோளில் பையோடு துறைமுகத்து ஓரமாக நடந்து, வரிசையாக நின்ற பழைய மரக் கட்டடங்களின் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கூம்புக் கூரைகள், ஒன்றில் ஒன்று சாய்ந்த சுவர்கள். அவை என்ன கட்டடங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை; கேட்கும் அளவுக்கு மொழியும் இல்லை. மழை எப்போது விடும், கப்பல் எப்போது வரும் என்பதைத் தவிர அன்றைக்கு எனக்கு வேறு நினைவு கிடையாது.

அது பிரிகன். 1979இலேயே யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்துவிட்ட இடம். இந்த முறை அதே தாழ்வாரத்தில் படம் எடுப்பவர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டுத்தான் நடக்க முடிந்தது. ஒரு நாளைக்கு 8,000 உல்லாசக் கப்பல் பயணிகளுக்கு மேல் வேண்டாம் என்று நகரமே வரம்பு கட்டவேண்டிய நிலை.

பிரிகன் உண்மையில் மீனால் எழுந்தது. 1360 அளவில், ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே தங்கள் வியாபாரக் கிளையை நிலைநிறுத்தினார்கள். அவர்கள் கொண்டுவந்தது தானியம். கொண்டுபோனது வடக்கிலிருந்து வந்த காய்ந்த கோட் மீன். வேலை பழகுவதற்காக ஜெர்மனியிலிருந்து பெடியள் வந்தார்கள். கலியாணம் கட்டக் கூடாது என்பது சட்டம். மரக் கட்டடம் தீப்பிடிக்கும் என்பதால் தங்கும் அறைகளில் நெருப்பு மூட்டவும் கூடாது.

"அப்பா, குளிருக்கு அவையள் என்ன செய்திருப்பினம்?" என்று மகள் கேட்டாள். பின்பக்கத்தில் தனியாகக் கட்டியிருந்த பொதுக் கூடங்களைக் காட்டினேன். சமைப்பதும் சாப்பிடுவதும் குளிர் காய்வதும் அங்கேதான். இவ்வளவு காவல் இருந்தும் 1702இல் பெருந்தீ வந்து எல்லாவற்றையும் தின்றது. பழைய அமைப்பு மாறாமல் திரும்பக் கட்டினார்கள். நாம் இன்று பார்ப்பதில் பழையது அந்த மரம்தான்.

அந்த வணிகர்களின் மேசை, கணக்குப் புத்தகம், கட்டில் எல்லாவற்றுக்கும் இன்று மதிப்பிருக்கிறது. மீனைக் கொண்டுவந்தவனைத்தான் நான் தேடினேன். வடக்கு மீனவன் கோடையில் பாய்மரப் படகில் மீனை ஏற்றிக்கொண்டு கரையோரமாக இறங்கி வருவான். வணிகன் அவனுக்கு மாவும் கயிறும் தூண்டில் நூலும் கடனாகக் கொடுப்பான். அடுத்த ஆண்டு மீன் அந்தக் கடனுக்குப் போகும். மீதிக் கடன் அதற்கடுத்த ஆண்டுக்குப் போகும். அப்பன் கடன் மகன் தலையில் விழுந்த குடும்பங்கள் ஏராளம். பிரிகனின் அழகைப் பார்க்கிறவர்கள் இந்தக் கடனையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அந்த மீனை எனக்குத் தெரியும். வடக்கே மரச் சட்டங்களில் கோட் மீனை இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கவிடுவார்கள். நமது கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இதற்கு உப்பே இல்லை. பெப்ரவரியிலிருந்து மே வரை குளிர்காற்று மட்டும் வேலை செய்யும். உறைநிலைக்கு அண்மையிலேயே குளிர் நிற்பதால் புழுவும் ஈயும் வராது. ஐந்து கிலோ மீன் ஒரு கிலோ ஆகும்போது விறகுக் கட்டை போல ஆகிவிடும். சுத்தியலால் அடித்துத்தான் பிரிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் கெடாது. அதனால்தான் ஐரோப்பா முழுவதும் நோன்பு நாட்களுக்கு அது போனது. நைஜீரியாவின் சமையலறைகளுக்கு இன்றும் போகிறது.

பிரிகனின் ஒரு பகுதி 1955இல் மறுபடி எரிந்தது. எரிந்த இடத்தைத் தோண்டியபோது மரத்துண்டுகள் கிடைத்தன. அவற்றில் ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துக்கள், நூற்றுக்கணக்கில். அவற்றைப் பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். விரல் நீளக் குச்சிகள். சரக்கு மூட்டையில் கட்டும் பெயர்ச் சீட்டு, வியாபாரக் கடிதம், காதல் சேதி, வேண்டுதல். ஒன்றில் கீடா என்ற பெண், வீட்டுக்கு வரச் சொல்லி ஒருவனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அரசர்களும் குருமாரும் மட்டும்தான் எழுதினார்கள் என்றிருந்த எண்ணத்தை அந்தக் குச்சிகள் உடைத்துவிட்டன. ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே நின்றேன். இன்னும் நின்றிருக்கலாம்.

மீன் சந்தைக்குப் போனோம். 1988இல் நான் பார்த்த சந்தையில் எண்ணெய்த்துணி அங்கி போட்ட ஆட்கள், தொட்டியில் உயிர்மீன், கூடையோடு வீட்டுப் பெண்கள். இப்போது கூடாரங்களுக்குள் உட்கார்ந்து சாப்பிடும் மேசைகள். விற்கிறவர்களில் பலர் ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் தங்களுக்குள் கதைக்கிறார்கள். ஐஸ்மேல் கால் பரப்பிக் கிடந்தது ராஜ நண்டு.

"இஞ்சேருங்கோ, ஒரு நண்டுக்கோ இவ்வளவு காசு?" என்று மனைவி விலைப்பலகையைக் காட்டினாள்.

சோவியத் விஞ்ஞானிகள் 1960களில் பசிபிக் கடலிலிருந்து கொண்டுவந்து மூர்மான்ஸ்க் பக்கம் விட்ட நண்டு அது. அடிக்கடலில் நடந்து நடந்து நோர்வேக்கு வந்துவிட்டது. தொண்ணூறுகளில் வடகோடியின் வாராங்கர் குடாவில் வலை போட்டவர்கள் அதைத் திட்டாத நாளில்லை. வலையைச் சிக்காக்கும், பிடிபட்ட மீனைக் கொத்தித் தின்னும். வார்டோவில் மீனவர் ஒருவர் அதைக் கொத்தாக வலையிலிருந்து பிய்த்துக் கடலில் எறிந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இன்று அதே நண்டுக்காக வடகோடிக்கு உல்லாசப் பயணிகள் போகிறார்கள். அதே மீனவர்களின் பிள்ளைகள் அதைப் பிடித்துத்தான் வீடு கட்டுகிறார்கள். எனக்கு அதில் நிறைவு.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் புனித யோர்கன் மருத்துவமனை. இப்போது தொழுநோய் அருங்காட்சியகம். சுற்றுலாக் கையேட்டில் கடைசிப் பக்கத்தில் இருக்கும் இந்த இடம்தான், என்னைக் கேட்டால், பேர்கனின் முதல் இடம். நடுவில் நீண்ட மரக் கூடம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். ஓர் அறையில் இருவர் மூவர். கூடத்தின் தரைப்பலகை காலடி பட்டுப் பட்டுத் தேய்ந்து குழிந்திருக்கிறது. கடைசி நோயாளிகள் இருவரும் 1946இல் இறந்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் அங்கே வாழ்ந்திருந்தார்கள்.

நோர்வே 1856இலேயே தொழுநோயாளிகளின் தேசியப் பதிவேட்டைத் தொடங்கியது. பரம்பரை நோய் என்று பெரிய மருத்துவர்கள் நம்பிய காலம். கெட்ட மீன் தின்பதால் வருகிறது என்று எழுதியவர்களும் உண்டு. பேர்கனில் பிறந்த அர்மோவர் ஹான்சன் 1873இல் நுண்ணோக்கியில் அந்தக் கிருமியைக் கண்டார். பரம்பரை நோய் என்பதில் உறுதியாக நின்றவர் அவருடைய மாமனார் டானியல்சென்தான்! ஆனால் 1879இல் இதே ஹான்சன் நோயாளிப் பெண் ஒருவரின் கண்ணில், அவர் சம்மதம் இல்லாமல், நோய்ப்பொருளை ஏற்றினார். வழக்கு நடந்து, மருத்துவமனைப் பதவியை இழந்தார். கண்டுபிடிப்பையும் குற்றத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மட்டக்களப்பு மாந்தீவுத் தொழுநோய் மருத்துவமனையைப் பற்றிக் கேட்டு வளர்ந்த என் மனைவி அந்தக் கூடத்தில் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஃப்ளோயன் மலைக்கும் போனோம். 1918இலிருந்து ஓடும் மலை ரயில், 320 மீற்றர் உயரம், கீழே நகரமும் தீவுகளும். நல்ல காட்சிதான்.

கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1893இல் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர், கோடையும் மாரியும் இரவும் பகலும் ஓடும் விரைவு வழியைத் தொடங்கியபோது, வடக்கு ஊர்களுக்குத் தெருவே கிடையாது. கடிதம், மருந்து, மாப்பிள்ளை, பிணம் எல்லாம் அதில்தான். 1988இல் நான் ஏறிய கப்பலில் பாரந்தூக்கி இருந்தது. ஒவ்வொரு சின்னத் துறையிலும், நடுச்சாமமானாலும், அது முனகிக்கொண்டு சரக்கை இறக்கும். கேபினுக்குக் காசில்லாமல் கதிரையில் படுத்தேன். பக்கத்தில் படைச் சேவைக்குப் போகும் பெடியள், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் கிழவி. கிழவி தன் பாணில் பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தாள்.

இன்று இரண்டு நிறுவனங்கள், 11 கப்பல்கள், 34 துறைகள். போக வர 12 நாள் உலாவாக விற்கிறார்கள். சாப்பாட்டு மேசையில் மீன் எந்த ஊரில் பிடிபட்டது என்று அட்டையில் எழுதி வைக்கிறார்கள். அட்டையில் வராததைச் சொல்கிறேன். வார்டோ மீன் தொழிற்சாலையில் மேசைக்கு அடியிலிருந்து விளக்கு எரியும். தோல் உரித்த மீன் துண்டை அதன்மேல் வைத்தால் கண்ணாடி போல ஒளிரும். உள்ளே சுருண்டு கிடக்கும் பழுப்புப் புழு தெரியும். கத்தி முனையால் அதைத் தோண்டி எடுக்க வேண்டும். எலும்பைக் கிள்ள வேண்டும். சதை சிதறக் கூடாது. அந்த மேசைகளில் நோர்வேப் பெண்களும் எங்கள் பெடியளும் தோளோடு தோள் நின்றோம். யாழ்ப்பாணத்திலிருந்து 1956இல் நோர்வேக்கு வந்த அந்தோனி ராஜேந்திரம், பின்னர் நம் கரையில் மீனவர்களுக்காகச் சீநோர் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் போட்ட தடத்தில்தான் எங்களில் பலர் இந்த நாட்டின் பெயரையே அறிந்தோம். வடகோடியின் பல மீன் ஊர்கள் எண்பதுகளின் கடைசியில் எங்கள் கைகளையும் நம்பி ஓடின. பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. நாங்களும் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இறங்கிவிட்டோம்.

பேர்கனில் ஒரு பகல் கிடைக்கிறவர்கள் மலை ரயில் வரிசையில் காலையை விட்டுவிடாதீர்கள். முதலில் தொழுநோய் அருங்காட்சியகம். அது ஆண்டு முழுவதும் திறந்திராது, நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். பிறகு ரூனிக் குச்சிகள், பிறகு பிரிகன். மலை எங்கேயும் போகாது. கப்பல் ஏறியபின் ஏழாம் நாள் அதிகாலை மூன்று மணிக்குப் பிறகு வார்டோவில் நிற்கும். எல்லாரும் தூங்கும் நேரம்; நிற்பதும் கொஞ்ச நேரம்தான். மணிக்கூட்டில் அலாரம் வைத்து எழும்பி, ஒருமுறை மேல்தளத்துக்கு வந்து பாருங்கள். நம்மவர்கள் வேலை செய்த ஊர் அது.