‘ஆனா ஒண்ணு’ பெரியவர்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய பாதியை நடந்து முடித்தவர்களுக்கு, மலையின் மேற்குப் பக்கம் அடி அண்ணாமலை வரும்போது ஒரு டீ தேவைப்படும். அந்த டீக்கடை பெஞ்சில், பக்தர்கள் வருவதற்கு வெகுநேரம் முன்பே ஒருவர் இடம்பிடித்திருப்பார். பெயர் என்னவாகவும் இருக்கலாம். ஆள் மட்டும் தமிழ்நாடு முழுக்க ஒரே ஆள். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். சட்டைப் பையில் ஒரு பக்கக் காம்பு உடைந்து நூல் கட்டிய கண்ணாடி. கையில், நாலாகப் பிரிந்து நாலு பேரிடம் போன தினத்தந்தியின் நடுப்பக்கம். மாஸ்டர் கிளாஸை வைத்ததும் முகவுரை தொடங்கும்: “நான் எந்தக் கட்சியும் இல்ல. சாதி கீதியெல்லாம் பாக்கறவனும் இல்ல. ஆனா ஒண்ணு...” அதற்குப் பின்னால் எல்லாம் வரும். ரேஷனில் இந்த மாதமும் பருப்பு இல்லை; தண்ணீர் திறந்துவிடுகிறவன் தன் மச்சான் தெருவுக்கு மட்டும் அரை மணி கூடுதலாக விடுகிறான்; இட ஒதுக்கீடு நாட்டைக் கெடுத்துவிட்டது; நம்ம ஆளுங்களுக்கு இட ஒதுக்கீடு போதவில்லை; பொம்பளைங்களுக்கு எதற்கு ஓசி பஸ்; போன வாரத்து வடையைவிட இந்த வாரத்து வடை சின்னது. அத்தனையும் ஒரே மூச்சில், ஒரே சுருதியில். அரசியல் சாசனமும் மெதுவடையும் அவருக்கு ஒரே வழக்கின் இரண்டு வாய்தாக்கள்.

இவரைப் பொறாமைக்காரர் என்று ஒதுக்குவது எளிது. சாதிவெறியர் என்று முத்திரை குத்துவது அதைவிட எளிது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அவர் பேச்சு ஏன் சில இடங்களில் மட்டும் சூடேறுகிறது, வேறு சில இடங்களில் ஏன் ஆறிய டீயாகக் கிடக்கிறது என்பதை இரண்டும் விளக்கவில்லை. என் கணிப்பில் அவருடைய அரசியலுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: தூரம். எவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வும் எட்ட இருந்தால் அவர் பொறுத்துக்கொள்வார். எவ்வளவு சிறிய சமத்துவமும் பக்கத்து வீட்டுக்கு வந்தால் பொறுக்கமாட்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கானவர்கள் அவர் வாசலைக் கடந்து போகிறார்கள். ஹைதராபாத் ஐ.டி. ஊழியர், பெங்களூரு பூ வியாபாரி, செருப்பில்லாமல் நடக்கும் ஜெர்மன் அம்மாள் என்று எவரிடமும் அவர் என்ன சாதி என்று கேட்பதில்லை. தோளோடு தோள் இடிபடுவதில் ஆட்சேபமும் இல்லை. கூட்டத்தால் ஊரே நாறிவிட்டது என்று மறுநாள் காலை புலம்புவார். முந்தின இரவு தன் வீட்டுக் கழிப்பறைக் கதவில் ‘ஒரு நபருக்கு ரூ.20’ என்று தமிழிலும் தெலுங்கிலும் அட்டை எழுதித் தொங்கவிட்டவரும் அவரே. மாடி அறையில் தியானத்துக்கென்று வந்து தங்கும் வெளிநாட்டுக்காரர் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்ற நினைப்பில் அவர் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. “அவங்க ஊரு பணம், நமக்கு இன்னா” என்று விட்டுவிடுவார். எதிர் வீட்டுக்காரன் தன் மாடியில் ஓர் அறை எழுப்பி ஏ.சி. மாட்டினால்தான் இரத்த அழுத்த மாத்திரை ஒன்று கூடும்.

பண விஷயத்தில் இந்த அளவுகோல் இன்னும் துல்லியமாக வேலை செய்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது: மாதம் 1,000 ரூபாய், 1.06 கோடி பெண்களுக்கு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது, நன்செய் 5 ஏக்கருக்கு மேல் கூடாது, மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக்கூடாது, கார் இருக்கக்கூடாது. இந்த நிபந்தனைகளைத் தாலுகா ஆபீஸ்காரர்களைவிட அவர் நன்றாக மனப்பாடம் செய்திருக்கிறார், தன் வீட்டுக்காக இல்லை, தெருவுக்காக. எந்த வீட்டு மீட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதில் அவரிடம் இருக்கும் கணக்கு மின்வாரியத்திடம் இருக்காது. அதே மனிதர் வாழும் இதே நாட்டில், 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வருமான வரி 30 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று சொன்னது அரசேதான். பெஞ்சில் ஒரு கிளாஸ்கூட அதிரவில்லை. ஒன்று ஒரு மாநிலத்தின் செலவு, மற்றது நாடு முழுமைக்குமான வரவு, இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். தொகையை நான் ஒப்பிடவில்லை, எழுந்த சத்தத்தை மட்டும்தான் ஒப்பிடுகிறேன். இன்னொன்றும் பாருங்கள்: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே, அதாவது மாதம் 66,000 ரூபாய் வரை வாங்குகிறவரையும் ‘பொருளாதாரத்தில் நலிந்தவர்’ என்று வகுத்து, 2019இல் மத்திய அரசு 10 சதவீத ஒதுக்கீடு கொண்டுவந்தது. அந்த பெஞ்சில் உட்கார்கிற பெரும்பாலோருக்கு அதில் இடமே கிடையாது. அவர்கள் ஏற்கெனவே வேறு பட்டியல்களில் இருப்பவர்கள். ஆனாலும் கோபம் வரவில்லை. அதில் பலனடைகிறவர் அந்தத் தெருவில் குடியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

“எல்லாம் என் வரிப்பணம்” என்பது அவருடைய நிலையான பல்லவி. டீயில் நனைத்துத் தின்ற பிஸ்கட்டுக்கு 2025 செப்டம்பர் வரை 18 சதவீத ஜி.எஸ்.டி. இருந்தது. உரிமைத் தொகை வாங்கும் அம்மாள் பேரனுக்கு அதே பாக்கெட்டை வாங்கினால் அவளும் அதே 18ஐத்தான் கட்டினாள். வருமான வரி என்று பார்த்தால், பெஞ்சில் இருக்கும் ஒருவரும் அதைக் கட்டுகிற நிலையில் இல்லை.

சரி, அடையாளம் பற்றிய சண்டைக்கு வருவோம். இந்தப் பக்கத்தில் அதன் பெயர் 10.5. மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீதத்துக்குள் வன்னியர்களுக்கு 10.5, வேறு இரண்டு தொகுப்புகளுக்கு 7, 2.5 என்று பிரிக்கும் சட்டம் 2021 பிப்ரவரி 26 அன்று, தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட அதே நாளில், நிறைவேறியது. நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை உறுதி செய்தது. இந்த மூன்று தேதிகளிலும் அடி அண்ணாமலையைச் சுற்றிய டீக்கடைகளில் யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள் என்று ஒரு பட்டியலே போடலாம். ஒரே 20க்குள் இருக்கும் இரண்டு பேர், ஒருவர் 10.5 பக்கம், மற்றவர் 2.5 பக்கம், மீதமுள்ள பெஞ்சைக் காலியாக விட்டு இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். இவர்கள் பங்கு கேட்டுச் சண்டை போட்ட வேலைகள் எத்தனை? 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244; விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். ஒரு நாற்காலிக்கு முந்நூற்றுச் சொச்சம் பேர். நாற்காலிகள் ஏன் இவ்வளவு குறைவு, நிரந்தர வேலைகள் ஏன் ஒப்பந்த வேலைகளாக மாறுகின்றன என்று கேட்டால் பெரியவர் கொட்டாவி விடுவார். அது சென்னையில், டெல்லியில் யாரோ எடுக்கும் முடிவு; தூரம் அதிகம்.

இதற்காக உள் ஒதுக்கீடு என்பதே வெட்டிச் சண்டை என்று சொல்லிவிட முடியாது. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியர்களுக்கு 3 சதவீதம் என்று 2009இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் ஓர் உண்மையான பின்தங்கலுக்கு மருந்தாகத்தான் வந்தது. அப்படிப் பிரிப்பது செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் சொல்லிவிட்டது. 10.5 தோற்றதற்கு முக்கியக் காரணம், பிரிப்பை நியாயப்படுத்தும் சமகாலப் புள்ளிவிவரம் அரசின் கையில் இருக்கவில்லை என்பதே. ஆகவே ‘எண்ணிப் பார், அப்புறம் கொடு’ என்று பெரியவர் சொல்லும்போது அவர் பேசுவது நியாயம். ஒரே ஒரு சிக்கல். தன் சாதியை எண்ணச் சொன்னால் அது சமூக நீதி. பக்கத்துச் சாதி அதையே கேட்டால் “சாதியைத் தூண்டிவுட்றானுங்க”.

பெயர்ப் பலகைகளின் கதையும் இதற்கு ஒத்துப்போகிறது. 1989இல் இந்த மாவட்டம் பிறந்தபோது அதன் பெயர் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். பிரிந்த மறுபாதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். தெற்கே ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட, அதையொட்டி எழுந்த சாதிக் கலவரங்களுக்குப் பிறகு, 1997இல் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களைத் துடைத்தெடுத்தது. மாமன்னரும் போனார், சட்டமேதையும் போனார். பஸ் மட்டும் அன்று போலவே இன்றும் நேரத்துக்கு வருவதில்லை. அதைக் கேட்டு மறியல் செய்கிற நாட்களைவிடப் பலகையைக் கேட்டு மறியல் செய்கிற நாட்கள் அதிகம்.

இதுவரை சிரிக்கலாம். இதே தூரக் கணக்கு சிரிக்க முடியாத இடத்திலும் செல்லுபடியாகிறது. கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டை அடுத்த தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினர் 2023 ஜனவரி 30 அன்றுதான் நுழைந்தார்கள், அதுவும் அதிகாரிகளும் போலீஸும் துணைக்கு வர. எதிர்ப்பும் கிளம்பியது. அதைப் பற்றிக் கேட்டால் பெரியவர் குரலைத் தாழ்த்துவார். “சாமி எல்லாருக்கும் பொதுதான். ஊர் வழக்கம்னு ஒண்ணு கீது இல்ல?” கிரிவலப் பாதையில் முன்பின் தெரியாத லட்சம் பேரோடு சமமாக நடக்க முடிந்த அதே கால்களுக்கு, தெரிந்த நூறு பேரோடு ஒரே வாசலைத் தாண்ட முடியவில்லை. காரணம் அந்த நூறு பேரின் அப்பா பெயர், தாத்தா பெயர், யார் வயலில் கூலி வேலை செய்தார்கள் என்பது அத்தனையும் ஊருக்குத் தெரியும். ஏற்றத்தாழ்வு படிப்படியாக அடுக்கப்பட்டிருப்பதாலேயே கீழ்ப்படியில் இருக்கிறவனும் தனக்குக் கீழே ஒருவனைத் தேடுகிறான் என்பதை அம்பேத்கர் விரிவாக விளக்கியிருக்கிறார். அவர் ஆராய்ந்தது சாதியை. உரிமைத் தொகை, கரண்டு மீட்டர், எதிர் வீட்டு ஏ.சி. மூன்றையும் அதே படிகளில் ஏற்றி வைத்தது நம் பெஞ்சின் சாதனை.

விலையும் கிடைக்காமல் ஆளும் கிடைக்காமல் தவிக்கிற மனிதரைக் கேலி செய்வது நியாயமா என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்விதான். மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டவருக்குக் களைகொத்த, பிடுங்க, ஆய என்று மூன்று முறை ஆள் வேண்டும்; கூலி ஏறிவிட்டது; மூட்டையைக் கமிட்டிக்குக் கொண்டுபோகும் நாளில் விலை இறங்கியிருக்கும். அவருடைய குறை பொய்யில்லை, அதை அனுப்பும் முகவரிதான் தப்பு. மல்லாட்டையின் விலையை மூன்றாம் வீட்டு அம்மாளின் ஆயிரம் ரூபாய் தீர்மானிக்கவில்லை. இன்னொருவர் சொல்வார்: இது மனித சுபாவம், உலகம் முழுக்க இப்படித்தான், மாற்ற முடியாது. டீ கிளாஸையே கேட்டால் தெரியும். இதே தமிழ்நாட்டு டீக்கடைகள் பலவற்றில், சாதி பார்த்துத் தனித்தனிக் கிளாஸ் கொடுக்கும் இரட்டைக் குவளை இருந்தது. இன்று பெரியவர் உதட்டில் வைத்த கிளாஸ், கழுவி, அடுத்தவர் உதட்டுக்குப் போகிறது. சுபாவம் திருந்தியா போனது? இயக்கங்களின் போராட்டமும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், கடை போய்விடுமோ என்ற கடைக்காரரின் பயமும் சேர்ந்து செய்த வேலை அது. (நடுவில் சில ஊர்களில் பேப்பர் கப் வந்து, யார் யாருக்குக் கிளாஸ், யார் யாருக்குக் கப் என்ற நுட்பமான ஏற்பாட்டுக்கு உதவியதும் உண்டு. 2019இல் பிளாஸ்டிக் பூசிய கப்புக்குத் தடை விதித்தவர்கள் சுற்றுச்சூழலை மட்டும்தான் நினைத்திருப்பார்கள்.)

தூரம் சுருங்கினால் பெரியவர் என்ன ஆவார் என்பதைப் பார்க்க இப்போது ஒரு வாய்ப்பும் வந்திருக்கிறது. திருவண்ணாமலை நகராட்சி 2024இல் மாநகராட்சியானது. சுற்றுவட்ட ஊராட்சிகளை அதோடு சேர்க்கும் பேச்சு வந்ததும் ஊரக வேலைத் திட்டம் கைவிட்டுப் போகும், வீட்டு வரி ஏறும் என்ற பயமும் கூடவே வந்தது. 2005ஆம் ஆண்டின் அந்த வேலைச் சட்டம் ஊரகப் பகுதிக்கென்று மட்டுமே இயற்றப்பட்டது. இருபது வருடமாக நூறு நாள் வேலையை “மரத்தடியில தூங்கறதுக்குச் சம்பளம்” என்று வர்ணித்தவர் பெரியவர். அவர் வீட்டம்மாவின் பெயரில் ஓர் அட்டை இருந்தது என்பது அப்போதுதான் பெஞ்சுக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுத வேண்டும். எழுதத் தெரிந்தவள் காலனியில் பட்டப்படிப்பு படிக்கும் பெண்தான். எழுதி, வேலைக்குப் போகும் பன்னிரண்டு பெண்களிடம் வரிசையாகக் கையெழுத்து வாங்கிவிட்டுப் பெரியவரிடம் நீட்டுகிறாள். “இன்னா பாப்பா, பெரியவங்க கையெழுத்து மொதல்ல வர வாணாமா?” என்கிறார். “பதிமூணாவது எடம் காலியா கீது பெரிப்பா, போடுங்க” என்கிறாள். கண்ணாடியை மாட்டி, மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கடைசியில் ‘இப்படிக்கு’ என்ற சொல்லுக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் இருக்கும் விரற்கடை இடைவெளியில், எழுத்துகளைக் குறுக்கிக் குறுக்கி, தன் பெயரை இன்ஷியலோடு நுழைத்துவிடுகிறார்.