பத்திரப் பெரியப்பா

ஏடிஎம் அறைக்குள் நுழைந்ததும் கதவுக்குக் காலால் முட்டுக் கொடுத்து, தோள் துண்டை எடுத்து எண்பலகை மேல் கூடாரம் அடித்து, அதற்குள் கையை விட்டு ரகசிய எண்ணைத் தட்டுகிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். துண்டுக்குள் எண் தெரியாமல் இரண்டு தடவை தப்பாகும். மூன்றாம் தடவை அட்டை முடங்கும். வெளியே வந்து, சனிக்கிழமைச் சம்பளத்தை எடுக்க வரிசையில் நிற்கும் ஒடிசாப் பையன்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எவனோ கை வெச்சுட்டான் கண்ணு" என்பார். எங்களுக்கு வாய்த்தவர் பெரியப்பா.

கரண்ட் பில் கட்ட வேண்டும் என்று என்னைக் கூப்பிடுவார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, எல்லாம் நிரப்பி, கடைசியில் ஓடிபி வரும். வருவது அவருடைய பட்டன் போனுக்கு. அந்தப் போன் சட்டைப் பையில், சட்டை கொடியில், கண்ணாடி சாமி அறையில். மூன்றையும் ஒன்று சேர்த்த பிறகு பெரியம்மாவை உள்ளே போகச் சொல்வார். பேரனை விளையாடப் போகச் சொல்வார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று எண்ணைப் படிப்பார். "சொல்லுங்க பெரியப்பா, போட்டுடறேன்" என்றால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை. "யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்குதில்ல? நீயே கேக்கலாமா?"

சரி, அவரே தட்டட்டும் என்று என் போனை நீட்டுவேன். நான் முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஒற்றை விரலால் எண்ணைத் தேடித் தேடி அழுத்துவார். அழுத்தும்போது வாய் சும்மா இருக்காது. நாற்பது வருடம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக்கும் பேட்லாக்கும் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே சூப்பர்வைசராக நின்றவருக்கு முணுமுணுக்கத் தெரியாது. "ஏழு... மூணு... மறுக்கா மூணு..." எதிர்வீட்டு அக்கா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். நாலாவது எண் மறந்துபோய்ப் பட்டன் போனைத் திரும்ப எடுப்பதற்குள் பேரன் கேட்டுக்கு வெளியிலிருந்து "அஞ்சு தாத்தா" என்பான். அவன் எப்படிப் பார்த்தான் என்ற விசாரணை தொடங்கும். விசாரணை முடிவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று திரை சொல்லும். பெரியப்பாவுக்கு அதில் ஒரு திருப்தி. "பாத்தியா, நானே போட்டாலும் உள்ள உடல. அத்தனை பாதுகாப்பு!"

மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம். கடைசியில் ஒருவழியாக உள்ளே விட்டுவிட்டால், வந்த செய்தியை அழிப்பார். அழித்தது போனுக்குள்ளேயே எங்கேயாவது கிடக்கும் என்ற சந்தேகத்தில் போனை அணைப்பார். பணம் கட்டியாயிற்று என்று வங்கி அனுப்பும் தகவல் அணைத்த போனுக்கு வராது. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "பணம் போச்சா, இல்ல எவனாச்சும் எடுத்துட்டானா?" என்பார்.

சிலிண்டர் கதை இதைவிட மோசம். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் செல்போனுக்கு வந்த எண்ணைச் சொன்னால்தான் இறக்குவார். சொல்வதற்காகவே வருகிற எண் அது. பெரியப்பா ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தம்பி வெயிலில் நின்று, "ஏனுங்க, பேங்க் நம்பர் இல்லீங்க, கேஸ் நம்பருங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். "இப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டார் பெரியப்பா. சிலிண்டர் திரும்பிப் போயிற்று. பெரியம்மா புறக்கடையில் விறகடுப்பைப் பற்றவைத்தார்.

ஓடிபி விஷயத்தில் அவர் சொல்வது தப்பில்லை என்பதுதான் என் எரிச்சலுக்குக் காரணம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதியை அவர் வரி பிசகாமல் சொல்வார். வங்கியின் தவறும் நம் தவறும் இல்லாமல் வெளியாள் எவனாவது பணத்தை எடுத்துவிட்டால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட வேண்டும். அப்போது நமக்கு நட்டமில்லை. ரகசிய எண்ணை நாமே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் தலையில். சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணைச் சமையலறைச் சுவரில் கரியால் எழுதியே வைத்திருக்கிறார். ஒருநாள் போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோவில் வந்து, "உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்றான். "எந்த ஊரு தம்பி? யாரு பையன் நீ?" என்று பெரியப்பா ஆரம்பித்தார். அவன் வழக்கு எண்ணைச் சொல்லச் சொல்ல இவர் தாத்தா பெயரைக் கேட்டார். அவனே வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் காலத்தில் சனிக்கிழமை மத்தியானம் கம்பெனிச் சம்பளம் மொத்தத்தையும் வங்கியிலிருந்து எடுத்து, டிபன் கேரியரின் நடு அடுக்கில் வைத்து, மேல் அடுக்கில் தயிர்சோறோடு டிவிஎஸ் 50-இல் அவிநாசி ரோடு நெடுகக் கொண்டுவந்தவர் அவர். ஒரு ரூபாய் குறைந்ததில்லை. அப்படிப்பட்ட மனிதருக்குத் துண்டும் கூடாரமும் கொஞ்சம் வேண்டியதுதான்.

ஆனால் திருப்பூரில் கேரியரைத் திறந்து யார் பணத்தைத் திருடினார்கள்?

இணையத்தில் பணம் கட்ட அட்டை எண் மட்டும் போதாது, கூடவே இன்னொரு ரகசியமும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்தியது 2009 ஆகஸ்ட்டில். அதே 2009-இல்தான் எங்கள் ஊரில் பாசி நிதி நிறுவனம் கவிழ்ந்தது. வெளிநாட்டுப் பண வர்த்தகம், கொழுத்த லாபம் என்று சொல்லிச் சேர்த்தது சுமார் 930 கோடி ரூபாய். ஒரு பூட்டு உடையவில்லை, ஒரு ரகசிய எண் களவு போகவில்லை. பனியன் கம்பெனிக்காரரும் டெய்லரும் தேடிப்போய்க் கொடுத்த பணம். வழக்கு சிபிஐ கைக்குப் போய், கோவை சிறப்பு நீதிமன்றம் 2022 ஆகஸ்ட்டில் இயக்குநர்கள் இருவருக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. நடுவில் 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு மோசடி. நடத்தியவர்கள் கைவிட்டபின் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போட வேண்டி வந்தது.

இந்த இரண்டையும் பெரியப்பா அடிக்கடி உதாரணம் காட்டுவார். "அதுக்குத்தான் சொல்றது, முன்னப்பின்ன தெரியாதவங்கிட்டப் பணம் குடுக்கக் கூடாது." ஆகவே தெரிந்த பையனிடம் கொடுத்திருக்கிறார். பையனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, ஜாப் ஒர்க்கில் பனியன் துணிக்குக் காம்பாக்டிங் ஓட்டுகிறார். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. பத்திரம் கிடையாது, புரோநோட்டு கிடையாது, துண்டுச்சீட்டுகூடக் கிடையாது. கேட்டால், "எழுதி வாங்குனா அவன் மனசு சங்கடப்படும் கண்ணு." சிலிண்டர்த் தம்பியின் மனசு சங்கடப்பட்டதைப் பற்றி அவருக்கு ஒன்றும் இல்லை. பாசி மாதிரிக் கம்பெனிகளுக்கு ஆள் சேர்க்கிறவர்கள் எப்போதும் மும்பைக்காரர்களா? பக்கத்து வீதிக்காரர், கல்யாணத்தில் நம் பக்கத்து இலையில் சாப்பிட்டவர், போன வருடம் மொய் வைத்தவர்.

வங்கியில் இருப்பது மீதிப் பணம். 2020 பிப்ரவரியிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு, அதுவும் வட்டியையும் சேர்த்து. எனவே வங்கிக்கு நாலரை லட்சமாகப் பிரித்து, காதர்பேட்டையில் ஒன்று, பி.என். ரோட்டில் ஒன்று, பல்லடத்தில் ஒன்று, ஊத்துக்குளியில் ஒன்று என்று போட்டிருக்கிறார். தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் திட்டம் இருக்கிறது, 2023 ஏப்ரலில் உச்சவரம்பு 30 லட்சம் ஆகிவிட்டது, வட்டி 8.2 சதவீதம் என்றேன். காம்பாக்டிங் பையன் தருவது வருடத்துக்கு 24 சதவீதம் என்பதை விரலை மடக்கிக் காட்டினார்.

இத்தனையும் எதற்கு? கடைசிக் காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாதாம். கோவைப் பக்கம் மொத்தமாக முன்பணமும் மாதாமாதம் தொகையும் கட்டித் தங்குகிற மூத்தோர் குடியிருப்பு ஒன்றைப் பெரியம்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மருத்துவர் இருக்கிறாரா என்று பெரியம்மா கேட்டார். இரவில் சாவி யாரிடம் இருக்கும் என்று இவர் கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியம்மா இருபது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனிக்குப் போனவர். முதலில் கைமடி, கண் தெளிவாக இருந்தவரை செக்கிங். அவருடைய பிஎஃப் பணமும் அந்த நாலரை லட்சங்களுக்குள்தான் எங்கேயோ இருக்கிறது. எந்த வங்கி, எத்தனை கணக்கு என்று அவருக்குத் தெரியாது. ஒரு கணக்கிலும் நாமினி இல்லை. பெரியப்பாவுக்கு நாளைக்கே ஒன்று ஆனால் பெரியம்மா ஊத்துக்குளிக்குப் போய் யாரைக் கேட்பார்? பத்து வருடம் கேட்பாரில்லாமல் கிடந்தால் வங்கி அந்தப் பணத்தை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு அனுப்பிவிடும். தேடிக் கண்டுபிடிக்க 2023-இல் உத்கம் என்று ஒரு இணையதளம் வந்திருக்கிறது. அதில் நுழையவும் ஓடிபி வேண்டும். திருடனிடமிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு சம்பாதித்தவளிடமிருந்தே மறைத்து வைப்பதற்குப் பெயர் ஜாக்கிரதையா?

நச்சரித்து நச்சரித்துப் போன மாதம் வங்கிக்கு அழைத்துப் போனேன். 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு நாலு பேரைக்கூட நாமினியாகப் போடலாம் என்று அங்கிருந்த பெண் அதிகாரி ஆசையாகச் சொன்னார். "நாலு பேருக்கா!" என்று எழுந்தேவிட்டார் பெரியப்பா. உட்காரவைத்தோம். ஒருவர் போதும், மனைவி பெயர் எழுதலாம், அவர் கையெழுத்துகூட வேண்டாம் என்றார் அதிகாரி.

"அப்ப அவளுக்குத் தெரியாதுங்களா?"

"நாங்க சொல்ல மாட்டோங்க. பாஸ்புக்குல பேரைப் போடுவோம்."

"பாஸ்புக்கை அவ எடுத்துப் பாத்துட்டா?"

அதிகாரி என்னைப் பார்த்தார். பெரியப்பா படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிவிட்டார்.

வீட்டில் வந்து பெரியம்மாவிடம் சொன்னேன். புளியை உருட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை.

"அவரு மெதுவா யோசிக்கட்டும் சாமி. என்ற பிஎஃப் பணத்தை மட்டும் பிரிச்சு என்ற கையில குடுக்கச் சொல்லு. எங்க வெச்சிருக்கறேன்னு நானும் அவருகிட்டச் சொல்ல மாட்டேன்."