நீர்க்கடுப்புக்குப் பழைய சீட்டு போதுமா?

கேள்வி: நீர்க்கடுப்பு வந்தால், போன தடவை டாக்டர் எழுதிய மாத்திரையையே மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடலாமா? (வாசகி, தேனி)

பதில்: அந்த மாத்திரைக்குத் தப்பிய கிருமியே இப்போது வந்திருந்தால்? சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணமான ஈ.கோலை நம் குடலில் குடியிருப்பது. விழுங்கிய ஆன்டிபயாடிக் குடலில் உள்ள கிருமிகளையும் தாக்கும். அங்கே வலுவற்றவை சாகும், தாக்குப்பிடித்தவை பெருகும். அடுத்த தொற்று அங்கிருந்தே கிளம்பலாம்.

கேள்வி: நம் உடம்பு மருந்துக்குப் பழகிவிடுவதால்தானே இப்படி ஆகிறது? (வாசகர், விருதுநகர்)

பதில்: இல்லை. மாறுவது கிருமி. எதிர்க்கும் திறனை அது தன் வாரிசுக்கு மட்டும் விட்டுப்போவதில்லை. பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையம் மூலம் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும்.

இப்படிக் கைமாறும் திறனுக்கு ஓர் உதாரணம்: டில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவருக்கு 2008-ல் சிறுநீர்த் தொற்று. வலிமையான கார்பாபெனம் மருந்துகளுக்கும் அந்தக் கிருமி மசியவில்லை. அதற்குக் காரணமான நொதிக்கு 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்தார்கள். 2010-ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வு, அதைச் சென்னை நோயாளிகளிடமும் கண்டது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. நாம் பெயருக்காகக் கோபப்பட்டோம். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதற்கல்லவா அந்தக் கோபம் வந்திருக்க வேண்டும்!

கேள்வி: யூரின் கல்ச்சர் ரிசல்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகிறதே, அதுவரை எரிச்சலோடு தவிப்பதா? (வாசகி, கரூர்)

பதில்: வேண்டாம். முதலில் சாம்பிள், பிறகு டாக்டர் தரும் மாத்திரை. வரிசை மாறினால் லேபில் கிருமி வளராமல் போகலாம். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். ரிசல்ட் வந்ததும், மருந்தை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். குளிர் காய்ச்சலோ விலா வலியோ இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. செக்கப்பில் சிறுநீரில் கிருமி என்கிறார்கள். (வாசகர், நாகர்கோவில்)

பதில்: கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்களுக்கும் சிகிச்சை தேவை. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு, சர்க்கரை உள்ளவர்களுக்கும்கூட, தேவையில்லை. "கட்டாயம் வேண்டுமா?" என்று டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: புது மருந்தே வராதா? (வாசகி, சேலம்)

பதில்: ஜெபோடிடாசின் என்ற புது மருந்துக்கு 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனால் நான் மதிப்பது 1950-களில் வந்த நைட்ரோஃபுரான்டாயினைத்தான். கிருமியைப் பல முனைகளில் ஒரே நேரத்தில் தாக்குவதால், ஈ.கோலை இன்னும் பெரும்பாலும் அதற்கு அடங்குகிறது. சிறுநீரகம் நன்றாகத் தளர்ந்தவர்களுக்கு அது ஆகாது.

கேள்வி: மிச்சமான மாத்திரையைத் தங்கைக்குக் கொடுக்கலாமா? (வாசகி, பழநி)

பதில்: கூடாது. அவளைக் கூட்டிக்கொண்டு போய் சாம்பிள் கொடுக்க வையுங்கள்.