ஒற்றை ஜன்னல் வீடு

காரைக்குடிக்கு வருகிறவர்களை ஆயிரம் ஜன்னல் வீட்டு வாசலில் நிறுத்திப் படம் பிடித்து அனுப்புகிறோம். கானாடுகாத்தானுக்குக் கூட்டிப்போய்த் தூணைத் தட்டி, "அசல் பர்மாத் தேக்குங்க, இன்னும் நூறு வருஷம் அசையாது" என்கிறோம். அந்த மரம் நின்ற காட்டில் யார் குடியிருந்தார்கள் என்று எந்த விருந்தாளியும் கேட்பதில்லை. கேட்டாலும் நமக்கு விலை சொல்லத்தான் தெரியும்.

பர்மாக் காடுகளிலும் குடியிருந்து, நம் ஆனைமலை மழைக்காட்டிலும் இன்னும் மிச்சமிருக்கிறது பெரிய இருவாச்சி. மூன்றடி நீளம், மஞ்சள் அலகு, அதன்மேல் இன்னொரு அலகு கவிழ்த்ததுபோல ஒரு கொண்டை. அதன் குடித்தனத்தைச் செட்டிநாட்டு ஆச்சிகளுக்கு விளக்க வேண்டியதே இல்லை. முதிய மரத்தின் பொந்துக்குள் பெட்டை நுழைந்து, எச்சத்தைக் குழைத்து வாசலை உள்ளிருந்தே பூசிக்கொள்கிறது. அலகு நீட்ட ஒரு பிளவு மட்டும் மிச்சம். சிறகிறகுகளையும் உதிர்த்துவிட்டு மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கிறது. ஆண் காடெல்லாம் அலைந்து அத்திப்பழத்தைத் தொண்டையில் சுமந்து வந்து ஊட்டுகிறது. ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போனவர் மூன்று வருஷக் கணக்கை முடித்துத் திரும்பும்வரை வளவுக்குள் காத்திருந்தார்களே, அதே வாழ்க்கை. ஆனால் செட்டியார் வரத் தாமதமானாலும் ஆச்சிக்குக் குதிரில் நெல் இருந்தது, பக்கத்தில் பங்காளிகள் இருந்தார்கள். இருவாச்சிக்கு இரண்டும் கிடையாது. ஆணைச் சுட்டால் பொந்துக்குள் தாயும் குஞ்சும் பட்டினி. தோட்டா ஒன்று, பிணம் மூன்று.

எதற்காகச் சுடுகிறார்கள்? கறிக்கு. அப்புறம், கொழுப்பை உருக்கித் தடவினால் மூட்டுவலி போகுமாம். தெருவுக்கு நான்கு மருந்துக்கடை உள்ள நாட்டில் இந்த வைத்தியம். நம்மவர்கள் ரப்பர்த் தோட்டம் வாங்கிய மலாயாப் பக்கம் இன்னும் மோசம். அங்குள்ள கவச இருவாச்சியின் கொண்டையை அறுத்துச் சீனாவுக்குக் கடத்துகிறார்கள், நகையும் சிற்பமும் செதுக்க. 2015 முதல் அது அழிவின் விளிம்புப் பட்டியலில் இருக்கிறது.

துப்பாக்கிக்காரனையாவது பிடித்து உள்ளே தள்ளலாம். கோப்போடு வந்தவர்களை என்ன செய்வது? கப்பலுக்கும் ரயில் சிலிப்பர் கட்டைக்கும் என்று ஆனைமலையின் டாப்ஸ்லிப் உச்சியிலிருந்து தேக்கைச் சரித்து உருட்டினார்கள். 1890-களில் வால்பாறைக் காட்டை மழித்துத் தேயிலை நட்டார்கள். பிறகு அணைகள் வந்தன. நடுவே வனவியல் படித்தவர்கள் பருத்த கிழ மரங்களைப் பார்த்து "முற்றிவிட்டது, வெட்டலாம்" என்று எழுதினார்கள். முற்றிப் பொந்து விழுந்த மரம்தான் இருவாச்சிக்கு வீடு. தேயிலைச் செடியோ இடுப்புயரம். அதில் எங்கே போய்ப் பொந்து தேட? ஆயிரம் ஜன்னல் வைத்துக் கட்டிய ஊரின் கண்ணெதிரே, ஒற்றை ஜன்னல் கேட்கும் பறவைக்கு இடமில்லாமல் போகிறது.

2018-இல் உலகச் சிவப்புப் பட்டியலில் பெரிய இருவாச்சி 'அழிய வாய்ப்புள்ள' இனங்களின் வரிசைக்கு ஏறியது. அரசும் சும்மா இருக்கவில்லை. 2025-இல் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் இருவாச்சிக்கென ஒரு சிறப்பு மையம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது, 1 கோடி ரூபாயில். எங்கள் பக்கத்துக் கல்யாணச் செலவுக்குக் கூட அது காணாது. வால்பாறையில் சூழலியலாளர்கள் திவ்யா முத்தப்பாவும் சங்கர் ராமனும் இருபதாண்டுக்கு மேலாகத் துண்டுபட்ட காடுகளில் மழைக்காட்டுக் கன்றுகளை நட்டு வளர்க்கிறார்கள். அவை பொந்து விழும் வயதுக்கு வர நம் கொள்ளுப்பேரன் காலமாகும். அரசாங்கத்தின் காலமோ மார்ச் 31-இல் முடிந்துவிடுகிறது.

செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. வெட்டிய மரத்துக்கு உலக மரியாதை! அதையாவது காப்பாற்றுகிறோமா? இடித்த வீடுகளின் நிலையும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்குக் கிடக்கின்றன. நிலையில் செதுக்கிய கிளிக்குத் தனி விலை. காட்டில் ஒருமுறை, வீட்டில் ஒருமுறை என்று ஒரே மரத்தை இரண்டு தடவை சாகடிக்கிற திறமை வேறு யாருக்கு வரும்?

இதே சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிச் சரணாலயம் இருக்கிறது, 1977-இல் அறிவித்தது. கண்மாயில் அடையும் நத்தைகுத்தி நாரைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். சட்டமும் சம்பளமும் சீருடையும் உள்ள வனத்துறை, அந்தத் தியாகத்துக்கு ஈடாக வீடுவீடாக இனிப்புக் கொடுக்கிறது. ஒரு கிராமத்தின் பண்டிகைக்கு ஒரு பொட்டலம். வாங்கிக்கொள்கிறார்கள், பாவம், மானஸ்தர்கள்.

பர்மாத் தூணில் சாய்ந்துகொண்டு மலைத் தேயிலையில் ஏலக்காய் தட்டிப் போட்டுக் குடித்து, இயற்கையோடு இயைந்த தமிழனைப் பற்றிப் பேசும் நமக்கு அந்த இனிப்பு கிடையாது. நாம்தான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லையே. டீ உண்டு, இன்னொரு கிளாஸ் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிக் குடியுங்கள், மலையில் இன்னும் கொஞ்சம் காடு பாக்கி இருக்கிறது.