நோக்கமுள்ள முதுமைக்கு மாதம் 1,000

ஓய்வுக்காலத்தை அர்த்தமுள்ளதாக்கிக் கொள்வது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஊருக்கு ஊர் ஆள் கிளம்பியிருக்கிறார்கள். ஏசி ஹாலில் கூட்டம். நாற்பதைக்கூடத் தாண்டாத ஒருவர் கோட்டும் சூட்டுமாக மைக்கைப் பிடித்து, "சார், ரிட்டயர்மென்ட் ஒரு முடிவு இல்லை, செகண்ட் இன்னிங்ஸ்" என்பார். முன்வரிசையில் முன்னாள் வங்கி மேலாளர்கள் பயபக்தியோடு குறித்துக்கொள்வார்கள். ஊர் ஊராகச் சுற்றுங்கள். வீணை கற்றுக்கொள்ளுங்கள். சமூகத்திடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுங்கள். கடைசியில் போண்டாவும் காபியும், கூடவே ஒரு மியூச்சுவல் ஃபண்டு விண்ணப்பமும் வரும்.

அந்த ஹாலுக்குள் நுழைய முடியாதவர்களை யாரும் கைவிட்டுவிடவில்லை. அவர்களுடைய முதுமையை அர்த்தமுள்ளதாக்கும் பொறுப்பை அரசே தலைமேல் போட்டுக்கொண்டிருக்கிறது. 1995-இல் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தைப் பாருங்கள். முதலாளி கட்டும் பி.எஃப். பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் இதற்குப் போகும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைக்கும்தான் கணக்கு. அதாவது மாதம் 1,250 ரூபாய். அந்த உச்சவரம்பும் 2014-இல் வந்ததுதான். அதற்கு முன் 6,500, அதற்கும் முன் 5,000. முப்பது வருடம் ஒரு நாள் விடாமல் உழைத்து, இன்றைய உச்சவரம்பிலேயே கணக்குப் போட்டாலும் பென்ஷன் ஏழாயிரத்தைத் தொடாது. அகவிலைப்படி என்ற பேச்சே இல்லை. ஓய்வு பெற்ற அன்று துவரம் பருப்பு என்ன விலை விற்றதோ, சாகும்வரை அதே விலையில் விற்கும் என்பது இத்திட்டத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

குறைந்தபட்ச பென்ஷன் 3,000 ரூபாயாவது வேண்டும் என்று 2013-இல் பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு பரிந்துரைத்தது. அரசு தீர யோசித்து, 2014 செப்டம்பரில் 1,000 கொடுத்தது. அதன்பிறகு சிலிண்டர் விலை ஏறியது, பெட்ரோல் விலை ஏறியது, சர்க்கரை மாத்திரை விலை ஏறியது. ஆயிரம் மட்டும் மலைபோல் அசையாமல் இருக்கிறது.

இந்த ஆயிரமும் சும்மா வராது. உயிரோடு இருக்கிறேன் என்று வருடத்துக்கு ஒருமுறை நிரூபிக்க வேண்டும். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு இ-சேவை மையத்தில் இதை நேரில் பார்த்தேன். மூடிப்போன ஒரு நூல் மில்லில் இழை ஒட்டும் சைடராக இருந்த பெரியவர். பி.எஃப். கணக்கில் ஏறியது பதினொரு வருடம்தான், உழைத்தது அதைப்போல் இரண்டு மடங்கு. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் சொன்னாள்: "ஐயா, கட்டைவிரல நல்லா அழுத்துங்க."

"அழுத்தித்தானுங்க கண்ணு இருக்கறேன்."

சிவப்பு விளக்கு. கையைத் துடைத்து மறுபடி. சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு. அறுந்த இழையை ஒட்டி ஒட்டியே தேய்ந்துபோன விரல்களில் ரேகை எங்கிருந்து வரும்? கடைசியில் செல்போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்து, "கண்ணைச் சிமிட்டுங்க ஐயா" என்றாள். சிமிட்டினார். கண்புரை ஆபரேஷன் ஆன கண் அது. சிமிட்டியது செல்போனுக்குப் போதவில்லை. மூன்றாவது தடவைதான் ஒரு வழியாக அவர் உயிரோடு இருப்பதை அரசு ஒப்புக்கொண்டது. கோட்டுப் போட்டவர் கேட்பாரே, காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டாமா என்று? இதைவிட என்ன காரணம் வேண்டும்?

பி.எஃப். வாசனையே படாமல் களையெடுத்தும் சித்தாள் வேலை பார்த்தும் முதுமைக்கு வந்தவர்களுக்கு முதியோர் உதவித்தொகை உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால், அறுபதிலிருந்து 79 வயது வரை மாதம் 200 ரூபாய் மத்திய அரசின் பங்கு. எழுத்துப்பிழை இல்லை, இருநூறுதான். எண்பதைத் தொட்டுவிட்டால் 500. எண்பது வயதில் பதவி உயர்வு கொடுக்கும் நிர்வாகம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? தமிழ்நாடு தன் பங்கைப் போட்டு 1,200 ஆக்கிக் கொடுக்கிறது. அதற்காக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இதே மாநிலத்தின் போக்குவரத்துக் கழகத்தில் ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர்கள் அகவிலைப்படிக்காக நீதிமன்றப் படி ஏறியதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வழக்கு நடத்துவதும் நல்ல பொழுதுபோக்குத்தான். வீணையைவிடச் செலவு அதிகம், அவ்வளவே.

ஊர் சுற்றச் சொன்னார்களே, அதையும் பார்த்துவிடுவோம். அறுபது வயது ஆணுக்கு 40 சதவீதம், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு 50 சதவீதம் என்று ரயிலில் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது. சலுகை வரவில்லை. கேட்டால், எல்லாப் பயணிகளுக்குமே மானியத்தில்தான் டிக்கெட் கொடுக்கிறோம் என்று பதில். உங்கள் பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் வசூலிக்கிறோம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தவர்கள் ஆயிற்றே. மகளைப் பார்க்கப் போகும் கிழவி ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் படித்து, நாட்டை நஷ்டப்படுத்திவிட்டோமே என்று கூசிப்போக வேண்டும் போலிருக்கிறது.

நோக்கமும் நிறைவும் ஒருங்கே வாய்த்த ஓய்வுக்காலத்தைப் பார்க்க வேண்டுமானால் டெல்லிக்குத்தான் போக வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினராக எத்தனை நாள் இருந்தாலும் பென்ஷன் உண்டு. பத்து வருடம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை மில் தொழிலாளிக்குத்தான். 25,000 ஆக இருந்த எம்.பி. பென்ஷன் 31,000 ஆனது. 2025 மார்ச்சில் அறிவித்து, 2023 ஏப்ரலிலிருந்தே முன்தேதியிட்டுக் கொடுத்தார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் மாதம் இன்னொரு 2,500. அவர்களுடைய பென்ஷன் விலைவாசியோடு சேர்ந்து ஏறவும் வழி செய்துகொண்டார்கள். விலைவாசி ஏறுகிறது என்பது தெரியாமல் ஆயிரத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள் என்று அப்பாவியாக நினைத்துக்கொண்டிருந்தோமே, அந்த நினைப்பிலும் மண் விழுந்தது. தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள்.

இ-சேவை மையத்து வாசலில் அந்தப் பெரியவரிடம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாமே என்றேன். இந்த ஆயிரத்தில் அரிசிக்கு எவ்வளவு, மருந்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டீர்கள், அந்தக் கோப்பின் நகலைக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்க்கலாம்.

"அதுக்குச் செலவு ஆகுமுங்களா?"

"பத்து ரூபாய்தான் கட்டணம்."

"அப்ப இந்த மாசத்துக்கு 990-ங்க" என்று சொல்லிவிட்டு, தபாலாபீஸ் எந்தப் பக்கம் என்று கேட்டார்.